சேஃப்டி இருக்குன்னு வச்சுக்குங்க

விருதுநகர் ரயிலடியில் ஒரு வத்தல் மண்டிக்காரரின் பையை எவனோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். பைக்குள் இருந்தது நாலு இட்லியும் ஒரு துண்டும்தான். எந்தக் கருவேலங்காட்டுக்குள் உட்கார்ந்து அதைத் தின்றானோ, பாவம். ஆனால் செய்தி சிவகாசி வந்து சேர்வதற்குள் பை பெரிதாகிவிட்டது, பறித்தவன் ஒரு கும்பலாகிவிட்டான், கும்பலில் ஆளுக்கொரு அரிவாள் முளைத்துவிட்டது. இரண்டாயிரத்து ஏழாம் வருடம், தீபாவளி சீசன் சூடு பிடிக்கிற நேரம். மறு வாரமே 'கந்தக பூமித் தொழிலதிபர் தற்காப்புச் சங்கம்' உதயமாயிற்று.

சங்கம் என்று ஒன்று வந்துவிட்டால் தீர்மானம் போடாமல் அதற்குத் தூக்கம் வராது. உறுப்பினர் ஒவ்வொருவரும் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது என்று முதலில் தீர்மானம் போட்டார்கள். அதை வெளியே தெரியாமல் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்வது என்று அடுத்துப் போட்டார்கள். அங்கேதான் சண்டை வந்தது. மறைத்து வைத்தால் அது இருப்பது எவனுக்குத் தெரியும்? எவனுக்கும் தெரியாது என்றால் அதை வைத்திருந்து என்ன மரியாதை? அச்சாபீசுகள் நிறைந்த ஊர் என்பதால் வழி உடனே கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே பிளக்ஸ் போர்டு வைத்தார்கள். 'இடுப்பில் மறைவாகத் துப்பாக்கி வைத்திருக்கும் எங்கள் அண்ணன் கனகசபாபதி அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.' போர்டில் அண்ணன் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டியபடி சிரித்தார்.

கனகசபாபதி வெடி ஆலை முதலாளி. சங்கத்தின் தலைவரும் அவரே. உரிமம் வாங்க அவர் எந்தெந்தக் கதவைத் தட்டினார் என்பது நமக்கெதற்கு? துப்பாக்கி வந்துவிட்டது. இனிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாதவருக்குச் சங்கத் தேர்தலில் ஓட்டு கிடையாது என்று அவரே தீர்மானம் போட்டிருந்தார். லோடு போகிற சீசனில் கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்து பாடம் கேட்க எந்த முதலாளிக்கு நேரம் இருக்கிறது? அதனால் எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். தனக்குப் பதிலாக ஆள் அனுப்பினார்.

அந்த ஆளின் பெயர் ஊர்க்காவலன். ஆலையின் கேட்டு வாட்ச்மேன். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து உள்ளே விடுவது அவன் உத்தியோகம். பீடி, தீப்பெட்டி, செல்போன், ஆணி அடித்த செருப்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. பெண்கள் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி அவன் நீட்டுகிற பால் பவுடர் டப்பாவில் போட்டுவிட்டு, கூந்தலை ரப்பர் பேண்டில் முடிந்துகொண்டு போக வேண்டும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. பொறி விழுந்தால் மருந்து. அதற்குமேல் அங்கே யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி அவன் பெண்டாட்டி முருகம்மாள். வெடிக்குழாய்க்குள் மருந்தை அடைக்கிற ரூமில் வேலை. மணிக்கட்டு வரைக்கும் ஈயம் பூசியது மாதிரி பவுடர் அப்பியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் சோற்றில் கை வைக்கும்போது நகக்கண்ணில் தெரியும். சாயங்காலம் வேலை விட்டதும் ஊர்க்காவலன் கேட்டில் நின்று கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடுவான். முகம் தெரிந்த பிறகுதான் அவனுக்கு வெற்றிலை போடத் தோன்றும். அவளை அந்த ரூமிலிருந்து எடுத்து, மருந்து வாசனையே இல்லாத பேக்கிங் ஹாலில் லேபிள் ஒட்ட உட்கார வைத்துவிட வேண்டும். வாழ்க்கையில் அவன் கேட்டது அது ஒன்றுதான்.

"ஏலே காவலா, காலைல மண்டபத்துக்குப் போயிட்டு வா. எம் பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சு 'உள்ளேன்'னு சொல்லு" என்றார் கனகசபாபதி.

"மொதலாளி பேருக்கு நான் எப்படி மொதலாளி..."

"கூப்பிடறதுக்கு ஒரு ஆளு வேணும்லே. அம்புட்டுதான். ஒழுங்காப் படிச்சு முடி. விசயதசமியன்னைக்கு உன் வீட்டுக்காரிய பேக்கிங்குக்கு மாத்திப்புடுதேன்."

ஊர்க்காவலன் அன்று ராத்திரி சட்டையைத் துவைத்துப் போட்டான்.

மண்டபத்தில் சங்க உறுப்பினர்களின் பெயர் ஒட்டிய நாற்காலிகளில் அத்தனை பேருடைய டிரைவர்களும் வாட்ச்மேன்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனும் முதுகைச் சாய்க்கவில்லை. முதலாளி பெயர் எழுதிய நாற்காலியில் சாய்ந்தால் அது அவர் மேல் சாய்ந்தது போல் ஆகிவிடாதா? பயிற்சியாளர் லட்சுமிகாந்தம் ஓர் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளை எண்ணி வைத்து ஓய்வு பெற்றவர். ஒன்றையும் சுட்டதில்லை. ஆனால் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை என்பதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். எதிரே இருப்பது யார் என்று தெரிந்துகொண்டே "தொழிலதிபர்களே" என்று ஆரம்பித்தார்.

"தொழிலதிபர்களே! துப்பாக்கி என்றால் என்ன? பலர் குழாய் என்பார்கள், விசை என்பார்கள், தோட்டா என்பார்கள். தவறு. துப்பாக்கி என்றால் சேஃப்டி. இந்தச் சிறு நெம்பு மேலே இருந்தால் அது துப்பாக்கியே இல்லை, வெறும் இரும்பு. கீழே இறங்கினால் எமன். ஆகவே உங்கள் இடுப்பில் இருப்பது இரும்பா எமனா என்பதை உங்கள் கட்டைவிரல்தான் முடிவு செய்கிறது."

உண்மையான துப்பாக்கி எதுவும் வகுப்புக்கு வரவில்லை. முதலாளிகள் யாரும் கொடுத்தனுப்பவில்லை. தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒன்று செய்து கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். சேஃப்டி நெம்புக்குப் பதில் ஒரு தீக்குச்சியைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. எல்லாரும் வரிசையில் வந்து தீக்குச்சியை மேலே தள்ளினார்கள், கீழே தள்ளினார்கள், பிறகு வாயால் "டுமீல்" என்றார்கள். மறுநாளே தீக்குச்சி உதிர்ந்துவிட்டது. ஊர்க்காவலன் முறை வந்தபோது அவன் விழித்தான்.

"அய்யா, குச்சியக் காங்கல."

"அதனால் என்ன? சேஃப்டி இருக்குன்னு வச்சுக்குங்க."

அவன் கட்டைவிரலால் வெறும் மரத்தைத் தள்ளினான். "சபாஷ் கனகசபாபதி!" என்றார் லட்சுமிகாந்தம். மொத்த வகுப்பும் கை தட்டியது. கடைசிவரை குச்சி ஒட்டப்படவில்லை.

ஒருநாள் பெரிய சந்தேகம் ஒன்று கிளம்பியது. இடுப்பில் வைத்திருக்கும்போது சேஃப்டி போட்டிருக்க வேண்டுமா, எடுத்திருக்க வேண்டுமா? போட்டிருந்தால் திருடன் வரும்போது கை தடுமாறும். எடுத்திருந்தால் குனிந்து செருப்பு மாட்டும்போது தொடை போய்விடும். லட்சுமிகாந்தம் சங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டு வந்து, சங்கத்தின் நிலைப்பாட்டை அறிவித்தார். "சேஃப்டி போட்டும் இருக்க வேண்டும், போடாதது போலத் தயாராகவும் இருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைச் சூழ்நிலை முடிவு செய்யும். நிகழ்ந்த பிறகு சங்கம் முடிவு செய்யும்."

வீட்டில் ஊர்க்காவலன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிப் பழகினான். முருகம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"துப்பாக்கியக் கண்ணால பாத்தீகளா?"

"இல்ல."

"தோட்டாவ?"

"படம் போட்டுக் காமிச்சாக."

"நல்ல படிப்புதான் போங்க. இந்தா, பதினோரு வருசமா மருந்து அடைக்கேன். எங்களுக்கு ஒரு நாளாச்சும் வகுப்பு வச்சாகளா? சேந்த அன்னைக்கி போர்மேன் ஒன்னே ஒன்னு சொன்னாரு. சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம ஓடுன்னு. அம்புட்டுதான் எங்க படிப்பு."

"பேக்கிங்குக்குப் போயிட்டா ஓட வேண்டியதில்லத்தா."

அவள் சிரிப்பு நின்றது. "நெசமாவே மாத்திருவாகளா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு மட்டும் முதலாளிகள் நேரில் வந்தார்கள். கனகசபாபதி மாலையோடு சான்றிதழை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை முதல் முறையாகத் துப்பாக்கியோடு ஆலைக்கு வந்தார். கேட்டில் கார் நின்றதும் பழக்கதோஷம், ஊர்க்காவலன் டப்பாவை நீட்டிவிட்டான்.

"என்னலே?"

"இல்ல மொதலாளி... இடுப்புல இரும்பு. உள்ள மருந்து கிடக்கு."

"சேஃப்டி போட்டிருக்குலே. போட்டா அது என்ன?"

"வெறும் இரும்புங்க மொதலாளி."

"பொறவு என்ன? நீ படிச்சிட்டு வந்த படிப்புத்தானலே!"

வெறும் இரும்பும் உள்ளே போகக்கூடாதே என்று அவனுக்கு ஞாபகம் வந்தபோது கார் போயிருந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் கொண்டை ஊசிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் ஆலையின் தட்டுமுட்டுச் சாமான் அத்தனைக்கும் சந்தனம் வைக்கிற வேலை ஊர்க்காவலனுடையது. தராசு, சல்லடை, காகிதம் வெட்டுகிற மிஷின், வேன், கேட்டுப் பூட்டு எல்லாவற்றுக்கும் வைத்தான். அந்த வருடம் தாம்பாளத்தில் துப்பாக்கியும் வந்தது. அவன் அதை உண்மையில் பார்த்தது அன்றைக்குத்தான். எத்தனை சின்னது! அந்தச் சின்ன நெம்பும் நிஜமாகவே இருந்தது. துப்பாக்கி என்றால் சேஃப்டி என்று படித்தவன் அல்லவா, அந்த இடத்துக்கு மரியாதை கூடுதலாகவே செய்தான். சந்தனத்தைக் குழைத்து நெம்பின் மேலும் கீழும் இடுக்கிலும் நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். பெண்டாட்டியைப் பேக்கிங்கில் உட்கார வைக்கப்போகிற தெய்வம் அல்லவா அது? கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சந்தனம் ராத்திரியெல்லாம் காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. ஆலை ஆட்கள் எல்லாரும் பேக்கிங் ஹாலில் கூடியிருந்தார்கள். முதல் நாள் பூஜைக்கு வைத்த கருவியை எடுத்து அன்றைக்கு ஒரு வேலையாவது செய்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தராசில் ஒரு படி பொரியை நிறுத்தார்கள். வாசலில் வேனை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நாலடி நகர்த்தினார்கள். வெட்டுகிற மிஷினில் ஒரு தாளை வெட்டினார்கள். முருகம்மாள் அன்று காலையில்தான் பேக்கிங்குக்கு மாறி வந்திருந்தாள். கை கழுவிவிட்டு, பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்களின் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். தூரத்தில் நின்ற புருஷனைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எல்லாக் கருவியும் வேலை செய்து முடித்தது. துப்பாக்கி மட்டும் தாம்பாளத்தில் கிடந்தது. அதற்கு முதல் வேலை என்ன? கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிறப்பு விருந்தினராக வந்திருந்த லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்தார்.

"தொழிலாளத் தோழர்களே! தராசின் வேலை நிறுப்பது. வேனின் வேலை ஓடுவது. ஆனால் ஒரு பொறுப்புள்ள தொழிலதிபரின் துப்பாக்கிக்கு வேலை சுடுவதல்ல. சுடாமல் இருப்பது! இப்போது நமது தலைவர் தோட்டா போட்ட துப்பாக்கியில் சேஃப்டியைப் போட்டு, உங்கள் கண் முன்னால் விசையை அழுத்துவார். அது சுடாது. அந்தச் சுடாமைதான் அதன் முதல் வேலை. காலித் துப்பாக்கியில் இதைச் செய்தால் எவன் நம்புவான்? தோட்டாவுக்கும் நேற்றே பூஜை ஆகிவிட்டது."

கூட்டம் கை தட்டியது. கனகசபாபதி ஊர்க்காவலனைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தைத் தாங்கச் சொன்னார்.

"சந்தனத்த வழிச்சிரட்டுமா மொதலாளி?"

"விசயதசமியும் அதுவுமா தொடைக்காதலே. லட்சுமி போயிருவா."

துப்பாக்கியை எடுத்தார். இரண்டு கையாலும் இழுத்துத் தோட்டாவை ஏற்றினார். கட்டைவிரலால் நெம்பைத் தள்ளினார். அது நகர்ந்து பாதியில் நின்றது.

"பாதில நிக்குதே" என்றார் மெதுவாக.

லட்சுமிகாந்தம் எட்டிப் பார்த்தார். "சந்தனம்தான் அய்யா. போட்டாச்சுன்னு வச்சுக்குங்க."

கனகசபாபதி கூட்டத்தைப் பார்த்து நேராகக் கையை நீட்டி, போர்டில் சிரித்தது போலச் சிரித்து, விசையை அழுத்தினார்.

சத்தம் கேட்டதும் ஹாலில் ஒருத்தரும் இல்லை. வெடி ஆலைக்காரர்களுக்கு என்ன வெடித்தது என்று யோசிக்கிற பழக்கம் கிடையாது. பொரித் தட்டுகள் பறந்தன, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்க்காவலனின் கால்களும் ஓடின. கேட்டைத் திறக்க வேண்டியவன் அவன். திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்த ரூம்லண்ணே?" என்று கேட்டாள் பொன்னுத்தங்கம். முருகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எல்லாரும் ஆலைப் பக்கம் புகையைத் தேடினார்கள். எங்கேயும் புகை இல்லை. "ஒன்னுமில்ல, பூசைக்கு வெடி போட்டிருக்காக" என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். ஊர்க்காவலன் முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். தினமும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தான். எல்லா முகமும் வந்து முடிந்தது. அவன் தேடிய முகம் வரவில்லை.

அவன் திரும்பி ஓடியபோது முருகம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே அட்டைப்பெட்டி மேல் சாய்ந்திருந்தாள். விரலில் பசையோடு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது. மார்பில் ஒரு சின்ன ஓட்டை. "ஏத்தா... ஏத்தா முருகு..." என்று அவன் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தினான். மருந்து ரூமில் அத்தனை வருசம் சாகாதவள், பத்திரமான இடத்துக்கு வந்த முதல் நாளில் அவன் மடியில் செத்துப்போனாள்.

"சேஃப்டி போட்டேன்லே. நீ பக்கத்துலதான நின்ன? பாத்தேல்ல?" என்று கனகசபாபதி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முதலாளி செலவிலேயே எரித்தார்கள். எல்லாம் முடிந்து ஊர்க்காவலன் ஆலைக்கு வந்தபோது, அவள் பழைய மருந்து ரூமின் சுவர் கரிந்து கிடந்தது. விஜயதசமி காலையில் அது வெள்ளைச் சுவராக இருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கரிந்த சுவரைப் பார்த்தார், இளநீர் குடித்தார், கேட்டு ரூமில் உட்கார்ந்து ஊர்க்காவலனைக் கூப்பிட்டார். பக்கத்தில் சங்கத்தின் சார்பில் லட்சுமிகாந்தம் உட்கார்ந்திருந்தார்.

"மருந்து அடைக்கும்போது உராய்வு ஏற்பட்டு விபத்து. சரிதானே?"

"இல்லங்கய்யா. அவ அன்னைக்கி பேக்கிங் ஹால்ல இருந்தா. மொதலாளி கையில துப்பாக்கி வெடிச்சிருச்சு."

"பேக்கிங் ஹாலில் வெடி விபத்து நடக்க வாய்ப்பே இல்லை. அதற்காகத்தானே அதைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள்? அவள் அங்கே இருந்திருந்தால் செத்திருக்க மாட்டாள். செத்திருக்கிறாள் என்றால் மருந்து ரூமில்தான் இருந்திருக்கிறாள்."

"அய்யா, துப்பாக்கிங்கய்யா..."

"திரு. கனகசபாபதி முறைப்படி பயிற்சி பெற்றவர்" என்றார் லட்சுமிகாந்தம். "என்னுடைய சிறந்த மாணவர். பயிற்சி பெற்றவர் கையில் துப்பாக்கி தவறி வெடிக்காது. வெடித்தது என்று சொன்னால் பயிற்சியையே கேவலப்படுத்துவதாகும்."

"பயிற்சிக்கு வந்தது நாந்தானங்கய்யா! சபாஷ்னு சொன்னீகளே!"

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "அவர் பெயரில் நீ உட்கார்ந்தாயா? அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். அது தனி வழக்கு. அதையும் சேர்த்து எழுதட்டுமா?"

ஊர்க்காவலன் யாருமே கேட்காததைச் சொன்னான். "சந்தனத்த நாந்தான் அப்புனேன். அந்த நெம்புல. தப்பு எம்மேல இருந்தா என்னிய ஜெயில்ல போடுங்க."

"எந்த நெம்பு?" என்றார் அதிகாரி. லட்சுமிகாந்தம் ஜன்னல் வழியாக வேறு பக்கம் பார்த்தார்.

அதிகாரி தன் முடிவை வாசித்துக் காட்டினார். ஓட்டை சிறியது, எனவே வெடியும் சிறியது. இறந்தவர் விதியை மீறிக் கூந்தலில் இரும்புக் கொண்டை ஊசி அணிந்து மருந்து ரூமுக்குள் சென்றிருக்கிறார். ஊசி உராய்ந்து பொறி கிளம்பியிருக்கிறது. "கேட்டில் நீ ஒழுங்காகச் சோதனை போட்டிருந்தால் உன் மனைவி இன்றைக்கு உயிரோடு இருப்பாள். ஆனாலும் துக்கத்தில் இருக்கிறாய். உன் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். பெரிய மனசு."

ஊர்க்காவலன் சடாரென்று எழுந்தான். அலமாரி மேலிருந்து பால் பவுடர் டப்பாவை எடுத்து மேசை மேல் கவிழ்த்தான். அன்று சத்தம் கேட்டு ஓடிய பெண்கள் எல்லாரும் மறுநாள் வந்து அவரவர் ஊசியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒன்று மட்டும் விழுந்தது. அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றிய கொண்டை ஊசி.

"இந்தா பாருங்கய்யா! இது அவளது. காலைல எங்கையிலதான் குடுத்தா. போட்டுட்டுப் போகல. குடுத்துட்டுத்தான் போனா. அவ தப்புப் பண்ணலங்கய்யா!" உலகத்திலேயே அவனிடம் மிச்சமிருந்த ஒரே சாட்சி அது.

அதிகாரி ஊசியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இது அவளுடையதுதானே? சந்தேகம் இல்லையே?"

"அவளுதுதாங்கய்யா. சத்தியமா."

"இதைத்தான் அந்த ரூம் பூராவும் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார் அதிகாரி. ஒரு காகித உறைக்குள் ஊசியைப் போட்டு, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் ஊர்க்காவலனின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டினார். சேஃப்டியைத் தள்ளப் பழகிய அதே விரல்.

மறுநாள் ஆலை திறந்தது. தீபாவளி ஆர்டர் கிடக்கிறதே. காலையில் கனகசபாபதியின் கார் வந்தது, ஊர்க்காவலன் கேட்டைத் திறந்தான், கார் உள்ளே போனது. பின்னால் பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அவன் டப்பாவை நீட்டினான்.

முதலில் நின்றவள் பொன்னுத்தங்கம். கொண்டை ஊசியைக் கழற்றியவள் உடனே டப்பாவில் போடவில்லை. அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, குடுத்துட்டேன். பாத்துக்கிட்டீகல்ல?"

"பாத்துக்கிட்டேன்த்தா" என்றான்.

அடுத்து நின்றவளும் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டாள்.